டி.வி. பார்க்கிற தம்பிக்கு

துபாய்
2-7-1978

சேசு மரி சூசை துணை

பிரியமுள்ள பிலோமினா அக்காவுக்குத் தம்பி பர்னபாஸ் எழுதுவது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதைத் தவிர உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் ரோச் அத்தானும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

போன வாரம் உலகக் கோப்பை கால்பந்தின் கடைசி ஆட்டத்தை எங்கள் கேம்ப் டி.வி.யில் பார்த்தேன். அர்ஜென்டினா மூன்று, ஹாலந்து ஒன்று. அது உங்களுக்கு ரேடியோவிலேயே தெரிந்திருக்கும். தெரியாததைச் சொல்லுகிறேன். கூட்டம் வீசிய காகிதத் துண்டு மைதானம் பூராவும் கிடந்தது. எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் காகிதம் எது, பந்து எது என்று தெரியவில்லை. கேமராக்காரன் பந்துக்குப் பின்னாலேயே ஓடுகிறான். அந்தக் கோடியில் கோல்கீப்பர் தனியாக நின்று என்ன பாடுபடுகிறான் என்று ஒரு தடவையாவது காட்ட வேண்டாமா? தருவை மைதானத்தில் நாங்கள் பார்ப்பது அவனைத்தானே. ஹாலந்துக்காரன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதைத் திரும்பக் காட்டுவான் என்று வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். அவனோ மேடையில் இருந்த பெரிய மனிதர்களைக் காட்டினான். இவனுக்கெல்லாம் யார் சம்பளம் கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

வேலை நன்றாகப் போகிறது. கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய் பூட்டுகிறோம். காலை ஆறு மணிக்குப் படகேறினால் மாலை ஐந்துக்குத்தான் கரை. முதுகில் காற்றுக் குடுவை இருப்பதால் ஊரில் சங்கு எடுக்க இறங்குவதுபோல மூச்சுப் பிடிக்க வேண்டியதில்லை. தூத்துக்குடி ஆட்கள் என்றால் போர்மேனுக்கு உயிர். இன்னும் ஆள் இருக்கிறதா என்று கேட்டான். அத்தான் பெயரைச் சொல்லியிருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு உடனே எழுதிப் போடச் சொல்.

பேசியபடி கல்யாணத்துக்கு மே மாதம் லீவில் வந்துவிடுவேன். அத்தானின் தங்கையிடம், அதாவது பிளாரன்சிடம், விசாரித்ததாகச் சொல். நானாகக் கேட்டேன் என்று சொல்லாதே.

தம்பி
பர்னபாஸ்

*

திரேஸ்புரம், தூத்துக்குடி
21-7-1978

அன்புத் தம்பி பர்னபாசுக்கு அக்கா ஆசீர்வாதம். மாதா புண்ணியத்தில் எல்லாரும் சுகம். சின்னவளுக்கு இருமல் இருந்தது, விட்டுவிட்டது. கோயில் கொடியேற்றத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. தெருவே வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறது.

உன் கடிதத்தில் முக்கால்வாசி பந்து. கேமராக்காரனை இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்? கால்வாசியில்தான் என் குடும்பத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து உன் அத்தான் தரையில் கால் பாவவில்லை. மறுநாளே பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டார். "ஏளா, மூச்சே பிடிக்க வேண்டாமாம். முத்துக்குளிக்கப் போன நம்ம பாட்டன் பூட்டனுக்கு இந்தக் கொடுப்பினை உண்டா?" என்று ஒரே ஆட்டம்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். இங்கே கடலில் இறங்கினால் கரையில் நான் இருக்கிறேன். அங்கே யார் இருக்கிறார்கள்? ஏலே, உன்னை நம்பித்தான் அனுப்பப் போகிறேன். வேலை நல்ல வேலைதானா, உயிருக்கு ஆபத்து இல்லையா என்று நேராக எழுது. நீ சரி என்றால் சரி.

பிளாரன்சிடம் சொன்னேன். நீயாகக் கேட்டாய் என்றுதான் சொன்னேன். துறைமுக ஆபீசில் டைப் அடிக்கிற பெண்ணுக்கு வெட்கம் வராது என்று நினைத்திருந்தேன், வந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
பிலோமினா

*

துபாய்
25-8-1978

அன்புள்ள அக்காவுக்கு, சுகம், சுகமே நாடுகிறேன். சின்னவளுக்கு இருமல் திரும்பினால் தூதுவளை கொடு.

நேராகக் கேட்டாய், நேராகச் சொல்லுகிறேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு வரலாம். நான் ஏழு மாதமாக இறங்குகிறேன், ஒரு கீறல் இல்லை. எழுதித் தருகிறேன், போதுமா?

கனடாவில் காமன்வெல்த் போட்டி நடந்தது. பளுதூக்குவதில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் தங்கம் வாங்கியிருக்கிறார். காட்டினானா? காட்டவில்லை. நீந்தி முடித்த வெள்ளைக்காரன் தலை துவட்டுவதைக் காட்டினான். காது துடைப்பதைக் காட்டினான். நம் ஆள் இரும்பைத் தலைக்குமேல் தூக்கியதைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்துக் கட்டில் மலையாளி, "நம்ம நாட்டுக்காரனைக் காட்ட நம்ம நாட்டுக் கேமரா போகணும்" என்றான். நியாயமான பேச்சு.

இன்னொன்று. ரேடியோவில் கேட்டபோது ஹாக்கிக்காரன் எல்லாம் பறப்பான் என்று நினைத்திருந்தேன். டி.வி.யில் பார்த்தால் பாதி நேரம் நடக்கிறான். வர்ணனை சொன்னவர்கள் இத்தனை வருஷம் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள்.

தம்பி
பர்னபாஸ்

*

தூத்துக்குடி
30-10-1978

தம்பி பர்னபாசுக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். நீ சுகமா என்பதுதான் தெரியவில்லை.

ஆகஸ்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தால் நானும் பிளாரன்சும் ஆளுக்கொரு வாசலில் நிற்கிறோம். அவள் பூப் பறிக்கிறதுபோல நிற்கிறாள். நான் நேராகவே நிற்கிறேன்.

அத்தானுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவும் வந்துவிட்டது. ஜனவரி பத்தொன்பதாம் தேதி ரயிலேறி, பம்பாயில் விமானம். வள்ளத்தில் தன் இடத்தைப் பக்கத்துத் தெரு ஞானையாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். இந்தச் சங்குக் காலத்துக்கு அவர் கடலுக்குப் போவது டிசம்பர் வரைதான்.

எனக்கு ராத்திரி உறக்கம் இல்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று எழுதினாய். எழுதிய கையோடு வாயை மூடிக்கொண்டாய். அங்கே ஏதாவது நடந்ததா? கம்பெனி சரியில்லையா? அனுப்பவா, வேண்டாமா? ஒரே வார்த்தை எழுது.

அக்கா
பிலோமினா

*

துபாய்
20-11-1978

பிரியமுள்ள அக்காவுக்கு, நான் நலமாக இருக்கிறேன். கவலைப்படாதே. கையெழுத்து கோணலாக இருந்தால் மேசை சரியில்லை என்று வைத்துக்கொள்.

வேலையில் இடம் மாறியிருக்கிறது. இப்போது கரையில்தான். ஆகையால் உறையில் எழுதியிருக்கும் புது விலாசத்துக்கே எழுது. இங்கே டி.வி. பக்கத்திலேயே இருக்கிறது, கலர் டி.வி. ஹாக்கி மைதானம் இவ்வளவு பச்சை என்று இப்போதுதான் தெரிகிறது. அடுத்த மாதம் பாங்காக்கில் ஆசிய விளையாட்டு. முழுவதும் காட்டப் போகிறார்களாம்.

அத்தான் விஷயம் யோசித்து எழுதுகிறேன். அவசரப்பட வேண்டாம். பிளாரன்ஸ் எப்படி இருக்கிறாள்?

பர்னபாஸ்

*

தூத்துக்குடி
4-12-1978

தம்பிக்கு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதத்தான் கை வருகிறது. வாய் வேறு சொல்லுகிறது.

எதை யோசிக்கிறாய்? யோசிக்க வேண்டியதை எல்லாம் யோசித்துத்தானே போர்மேனிடம் பெயரைக் கொடுத்தாய்? கூப்பிட்டது நீ. இப்போது அவசரப்பட வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? வா என்றா, வராதே என்றா? உன் அத்தானிடம் காட்டினேன். "அவனுக்கு மேல்வேலை கிடைச்சுட்டு. நான் வந்தா போட்டியாயிருவேன்னு நெனக்கான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ அப்படிப்பட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்கு ரெண்டும் பெண் பிள்ளை. அவர் ஒருத்தர்தான் எங்களுக்கு. ஹாக்கி மைதானம் பச்சையாக இருந்தால் எனக்கென்ன, சிவப்பாக இருந்தால் எனக்கென்ன.

பிளாரன்ஸ் நன்றாக இருக்கிறாள். ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் மூன்று ஞாயிறு உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லிக் கல்யாண ஓலை வாசிக்கச் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது.

பதில் எழுது. பந்தைப் பற்றி அல்ல.

அக்கா
பிலோமினா

*

துபாய்
14-12-1978

அன்பான அக்காவுக்கு, கர்த்தர் பிறந்த நாள் வாழ்த்துகள். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

பாங்காக் ஆட்டம் நடக்கிறது. காலையில் தொடங்கினால் சாயந்திரம் வரை காட்டுகிறான், நானும் சாயந்திரம் வரை பார்க்கிறேன். பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வருகிறது. ஓட்டத்தில் ஜெயித்தவன் கழுத்தில் துண்டைப் போட்டதும் படத்தை மாற்றிவிடுகிறான். கடைசியாக ஓடிவந்தவன் என்ன ஆனான்? வந்து சேர்ந்தானா, வழியில் விழுந்தானா, யார் தூக்கினார்கள்? எனக்கு அதுதான் தெரிய வேண்டும், கேட்க ஆள் இல்லை. தடை தாண்டும்போது ஒருத்தன் விழுந்தான். அதை மட்டும் நாலு தடவை மெதுவாகக் காட்டினான். ஒரு மனுஷன் ஒரு தடவை விழுந்தால் போதாதா? மெதுவாகக் காட்டினால் எந்த இடத்தில் தவறினான் என்று யாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

நீச்சலை மேலே இருந்தே காட்டுகிறான். தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று இந்தக் கேமராக்காரர்கள் ஒருத்தனுக்கும் அக்கறை இல்லை.

அத்தானிடம் ஒன்று சொல். காற்றுக் குடுவையோடு ஆழத்தில் இறங்குகிறவன், சங்கு எடுத்தவன்போல ஒரே மூச்சில் மேலே வந்துவிடக் கூடாது. வருகிற வழியில் கயிற்றில் இரண்டு இடத்தில் அடையாளம் இருக்கும். அங்கங்கே சொன்ன நேரம் நிற்க வேண்டும். இதை அவர் மனதில் நன்றாகப் பதிய வைக்க வேண்டும். அதைவிட, இப்போது வராமல் இருந்தாலும் நல்லதுதான். வேலை குறைவு என்று பேசிக்கொள்கிறார்கள்.

பர்னபாஸ்

*

தூத்துக்குடி
28-12-1978

மாப்பிள்ளை பர்னபாசுக்கு ரோச் எழுதுவது. கிறிஸ்துமஸ் நல்லபடியாக முடிந்தது. உம் அக்கா பண்ணிய கேக்கு கல் மாதிரி இருந்தது, ஆனாலும் மிச்சமில்லை. நீர் நலம்தானே.

நீர் எழுதியதை அக்கா வாசித்துக் காட்டினாள். எனக்கு வந்த சிரிப்பு அடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பத்துப் பாகம், அறுபதடி ஆழத்தில் சங்கு எடுக்கிறவனுக்கு மேலே வருவதற்குப் பாடமா? எங்கப்பன் என்னைக் கடலில் தள்ளிவிட்டபோது நீர் தவழ்ந்துகொண்டிருந்தீர். கீழே போவதுதான் ஓய் பாடு, மேலே வர யாருக்குப் பாடம் வேண்டும்? உடம்பே கொண்டுவந்து விட்டுவிடும். வழியில் நிற்க அங்கே என்ன டீக்கடையா இருக்கிறது?

காலையிலிருந்து சாயந்திரம் வரை டி.வி. பார்ப்பதற்கு உமக்கு ஒரு கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. அந்த வேலையில் இன்னொரு ஆள் எடுத்தால் நம் பெயரையும் சொல்லி வையும்.

ஹாக்கியில் பாகிஸ்தானிடம் ஒன்றுக்குச் சைபரில் தோற்றுவிட்டோமே. டீக்கடையில் ரேடியோவை அணைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நீர் கண்ணால் பார்த்தவர், உண்மையில் நாம் நன்றாக ஆடினோமா?

பத்தொன்பதாம் தேதி கிளம்புகிறேன். வேலை குறைவு என்றால் இருக்கிறதைப் பங்கு போட்டுக்கொள்வோம். நேரில் பேசுவோம்.

ரோச்

*

துபாய்
8-1-1979

அக்கா, இதை அத்தானுக்கு உரக்க வாசித்துக் காட்டு. இடையில் நிறுத்தாதே. கடிதம் வரும்வரை புறப்பட வேண்டாம் என்று இன்றைக்கே தந்தியும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் சுகமாக இல்லை. அக்டோபர் பதினொன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி கிடையாது. கால் இருக்கிறது, நடக்காது.

அன்று பதினைந்து பாகம் ஆழத்தில் முக்கால் மணி நேரம் குழாய் முடுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று காற்று வருவது குறைந்த மாதிரி இருந்தது. குறைந்ததா, எனக்குத் தோன்றியதா, இன்றுவரை தெரியாது. கயிற்றில் நிற்க வேண்டிய அடையாளம் இரண்டும் கண்ணுக்கு முன்னால் போயின. நிற்க வேண்டும் என்று கம்பெனி நடத்திய வகுப்பில் தலையாட்டினவன்தான் நான். ஆனால் மூச்சு முட்டினால் மேலே போ என்பது ஒன்றுதான் இந்த உடம்புக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அதைத்தானே பழக்கியிருக்கிறோம். சங்குப் பையோடு வருவதுபோல ஒரே வீச்சில் வந்துவிட்டேன்.

படகில் ஏறிச் சிரித்தேன் அக்கா. டீ கேட்டேன். சர்க்கரை போதாது என்றேன். பாதி டீ குடிப்பதற்குள் கால் இரண்டும் என்னுடையவை இல்லை. அவ்வளவு ஆழத்தில் சுவாசித்த காற்று ரத்தத்தில் குமிழியாகிவிடுமாம், நின்று நின்று வந்தால்தான் வெளியேறுமாம். இரண்டு நாள் காற்றழுத்தம் ஏற்றிய ஓர் இரும்பு அறைக்குள் போட்டு அடைத்துவைத்தார்கள். பலன் இல்லை. இடது கட்டைவிரலில் கொஞ்சம் உணர்ச்சி வரலாம் என்கிறார் டாக்டர். பிப்ரவரி கடைசியில் கம்பெனி என்னைப் பம்பாய் வரை அனுப்பிவைக்கும்.

அத்தான் சிரித்தாராம். சிரிக்கத்தான் செய்வார். என்னைவிட நல்ல குளியாள் அவர். அதனால்தான் சொல்லுகிறேன், என்னைவிட வேகமாக மேலே வருவார். ஐந்து நாள் இங்கிலீஷ் வகுப்பு அவர் உடம்பை மாற்றாது. அவரை அனுப்பாதே.

ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பாய். ஓலை வாசிப்பதற்குள் எழுந்து நடந்துவிடுவேன் என்று நினைத்தேன். தெரிந்தால் பிளாரன்ஸ் எனக்கு இல்லை என்று நினைத்தேன். அதற்காக மறைத்தேன். அத்தான் வந்தால் வரட்டும், எல்லாருக்குமா இப்படி ஆகும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால் வேறெதையும் எழுத வேண்டியதில்லை.

அவள் வீட்டில் வேறு இடம் பார்க்கட்டும்.

பர்னபாஸ்

*

தூத்துக்குடி
20-1-1979

பர்னபாஸ் அவர்களுக்கு,

என்ன முறை சொல்லி அழைப்பது என்று தெரியாததால் பெயரை எழுதுகிறேன். உங்கள் காலுக்கு இப்போது எப்படி இருக்கிறது? விரலில் உணர்ச்சி வந்ததா? இதை மரியாதைக்குக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் தந்தி பத்தாம் தேதியே வந்தது. அண்ணன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒருவரிடமும் சொல்லவில்லை. கடிதம் பதினெட்டாம் தேதி மத்தியானம் வந்தது. அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மதினி உரக்க வாசித்தார்கள், நடக்காது என்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். மீதியை நான்தான் வாசித்தேன். என் பெயர் வந்த இடத்தையும் நானேதான் வாசித்தேன்.

அண்ணன் கட்டின பெட்டியைத் திறந்து சட்டைகளை வெளியே எடுத்து வைத்தார்கள். பிறகு, "நானும் அப்படித்தான் வந்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார்கள். நேற்றுக் காலை ரயிலுக்குப் போகவில்லை. ஞானையாவிடம் பேசி வள்ளத்தில் ஏறிவிட்டார்கள்.

மதினி இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளாக உங்களுக்காக அழுகிறார்கள். அழுகை நின்றதும், "என் தாலியக் கையில வச்சுக்கிட்டு ஆட்டம் பாத்துக்கிட்டு இருந்திருக்கான்" என்று சொல்லித் திரும்பவும் அழுகிறார்கள். அந்த வார்த்தையை மறைக்காமல் எழுதுகிறேன். மறைத்தது போதும்.

எனக்காக மறைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நடக்க முடியாது என்று அக்டோபரிலேயே எழுதியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கே தெரியாது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சரி என்றும் சொல்லியிருக்கலாம். என்னைக் கேட்காமலே என் அண்ணனைத் தண்ணீருக்குள் அனுப்ப மூன்று மாதம் சம்மதித்திருந்தீர்கள். என்னைக் கட்டிக்கொள்வதற்கு என் அண்ணன் உயிரை வைத்துவிட்டீர்கள்.

ஓலை வாசிக்க வேண்டாம் என்று இன்று காலை சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் சொல்லச் சொல்லவில்லை, மதினியும் சொல்லவில்லை. நானாகப் போய்ச் சொன்னேன். உங்கள் காலுக்காக இல்லை. இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் எந்தத் தேதியில் பம்பாய் வருகிறீர்கள் என்று எழுதுங்கள். அண்ணன் வந்து கூட்டிவருவார்கள். மதினி வீட்டில் முன் அறையைக் காலி செய்யத் தொடங்கியாகிவிட்டது. திட்டிக்கொண்டேதான் செய்கிறார்கள்.

நீங்கள் வருகிற அன்று நானும் ரயிலடிக்கு வருவேன். எங்கள் அண்ணன் உங்களைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதை நான் பார்க்க வேண்டும். அவர் நடந்து வருவது உங்கள் கடிதத்தால்தான் என்பதை மறக்க மாட்டேன். அது ஒரு நாள் பிந்தியிருந்தால் என்பதையும் மறக்க மாட்டேன்.

பிளாரன்ஸ்